முனியப்பன் முன்னால் சொன்னதை டாக்டரிடமும் சொன்னேன்

சாமியை நம்பிக் குடும்பம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. என் பெயர் சரோஜா. எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி ஓடுகிறது. எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடி மாதம் என் வீட்டுக்காரர் இனிப் பிழைக்க மாட்டார் என்று நான் நினைத்துவிட்டேன். அவரை எங்கள் குலதெய்வம் முனியப்பன் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதைச் சொல்வதென்றால் நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் மீதி எதுவும் உங்களுக்குப் புரியாது.

அவருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் ஒரு வருடத்துக்கு மேல் டயாலிசிஸ் பண்ணினோம். என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. அவருடைய அக்கா முன்னால் வந்தார். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். "என்ற தம்பிக்கு இல்லாத கிட்னி எனக்கெதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஆபரேஷன் அறைக்குள் போன மகராசி அவர். போகும்போதே முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டார். தம்பி எழுந்து நடந்தால் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கிட்னி டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "அம்மா, வெளியிலிருந்து வந்த கிட்னியை அவர் உடம்பு எதிர்த்துடக் கூடாதுன்னு மாத்திரை குடுக்கறோம். அந்த மாத்திரை அவர் உடம்போட காவலைக் குறைச்சுடும். நமக்கு ஒண்ணும் பண்ணாத கிருமி அவரைப் படுக்க வெச்சுடும். தண்ணி கொதிக்க வெச்சுக் குடுங்க. கறி, முட்டை எதுவா இருந்தாலும் நல்லா வேகணும்."

நானும் அப்படித்தான் செய்தேன். அவருக்குத் தனிக் குடம், தனி டம்ளர். கொத்தமல்லித் தழையைக்கூட மேலே தூவ மாட்டேன், கொதிக்கிற குழம்பில் போட்டுவிடுவேன். "ஏம் புள்ள, என்னையும் சேத்து ஒருவாட்டி வேக வெச்சுட்டீன்னா வேலை முடிஞ்சுதல்ல?" என்று அவர் கிண்டல் செய்வார். ஒன்றரை வருடம் நல்லபடியாகப் போனது. கிருமி அண்டாமல் இருக்க முதல் வருடம் கொடுத்த சில காவல் மாத்திரைகளை டாக்டரம்மாவே நிறுத்தினார். என் வீட்டுக்காரர் மறுபடியும் தறியில் நின்றார்.

போன வருடம் வைகாசியில் வேண்டுதலை நிறைவேற்றினோம்.

எங்கள் முனியப்பன் காட்டுக்குள், வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார். முறுக்கிய மீசை, முழித்த கண், கையில் அரிவாள். சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். கிடா வெட்டியாயிற்று. சுவரொட்டி என்று ஆட்டில் ஒரு பாகம் உண்டு, மண்ணீரல் என்பார்களே, அது. ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாதவர்களுக்குத்தான் முதலில் கொடுப்போம். குழம்பு கொதிக்கும்வரை காத்திருக்க மாட்டோம். குச்சியில் குத்தி நெருப்பில் காட்டி, மேலே கருகியதும் சூட்டோடு வாயில் போடுவது வழக்கம். உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும். ரொம்ப வெந்துவிட்டால் சத்துப் போய்விடும் என்பார்கள்.

நங்கையா குச்சியை என் கையில் கொடுத்தார். நான் தயங்கினேன்.

"நல்லா வேகோணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே, நங்கையா."

"அடப் போ அம்மிணி! முனியப்பன் கண்ணு முன்னால எந்தக் கிருமி நிக்கும்? ஆஸ்பத்திரிச் சட்டத்தையெல்லாம் ஆஸ்பத்திரிலயே வெச்சுக்க."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சாமி இடத்தில் பயந்தால் நம்பிக்கை இல்லை என்றல்லவா ஆகும்? நானே நெருப்பில் காட்டினேன். நானே ஊதி ஊதி அவர் வாயில் வைத்தேன். நாங்களும் ஆளுக்கொரு துண்டு தின்றோம். எத்தனை சந்தோஷமான நாள் அது.

ஆடி பிறந்து சில நாட்கள் இருக்கும். அவருக்குத் தலைவலி, லேசான காய்ச்சல். ஊரில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், குறைந்தது, திரும்ப வந்தது. ஒரு நாள் காலையில் கொட்டகைக்குள் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தீர்ந்துபோய், அதைக் கொண்டு ஓடுகிற நாடாக் கட்டை வெறுமனே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. தறியின் சத்தத்தை வைத்தே எந்த நூல் அறுந்தது என்று அடுக்களையிலிருந்து சொல்கிற மனுசன், முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். நிறுத்தவில்லை.

"ஏனுங்க, நூலு தீந்துபோச்சு பாருங்க" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்து, "வாங்க அக்கா, எப்ப வந்தீங்க?" என்றார்.

ஓடிப்போய்த் தறியை நிறுத்தினேன். அவருடைய இடது கை கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. சேலம் போகிற வழியில் காரிலேயே வலிப்பு வந்தது.

கிட்னி வைத்த அதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளைக்குள் நாலைந்து இடத்தில் புள்ளி. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம். வாசலில் சாணித் தண்ணீர் தெளித்த பிறகு காய்ந்த சொட்டு இருக்குமே, அப்படி.

"இது டி.பி.யா இருக்கலாம். ஒரு மாதிரிப் புத்துநோய்க் கட்டியா இருக்கலாம். பூஞ்சையா இருக்கலாம். ஒட்டுண்ணியாவும் இருக்கலாம். படத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஒண்ணுக்குக் குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது" என்றார்.

பிறகு கேள்வி கேட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? புறா வளர்க்கிறீர்களா? பூனை இருக்கிறதா? வெறுங்கையில் மண்வேலை செய்தாரா? கடைசியில் கேட்டார்.

"சரியா வேகாத கறி ஏதாவது சாப்பிட்டாராம்மா?"

பக்கத்தில் நங்கையா நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். எனக்கு அந்த நொடியில் எத்தனையோ ஓடியது. தம்பிக்காக உடம்பை அறுத்துக் கொடுத்தவர் மேல் பழி வரும். என் கையால் ஊட்டினது வெளியே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, சாமி சோற்றைச் சந்தேகப்பட்டோம் என்று ஆகும்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

அவர் அதை அப்படியே ஃபைலில் எழுதினார். எழுதுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாளாக என்னென்னவோ பரிசோதனை. ஒன்றும் பிடிபடவில்லை. மூளையில் வீக்கம் இருந்ததால் முதுகுத் தண்டில் நீர் எடுக்க முடியாது என்றார்கள். அவர் பேச்சு குழறிப்போய்விட்டது. கடைசியில் மூளை டாக்டரையும் அழைத்து வந்து பேசினார்கள். மண்டையில் சின்னதாகத் துளை போட்டு அந்தப் புள்ளியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கிற அணு அவருக்குக் குறைவாக இருப்பதால் உள்ளே ரத்தம் கசிந்துவிடலாம். பேச்சே திரும்பாமலும் போகலாம், உயிருக்கும் சொல்ல முடியாது. வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுட்டு வந்துரு. அவன் சொன்னாக் கையெழுத்துப் போடலாம். இல்லீன்னா வேண்டாம். நான் இவனப் பாத்துக்கறேன், நீ போ சாமி."

பூக் கேட்பது எங்கள் வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஆபரேஷனோ, சாமியிடம் கேட்காமல் செய்ய மாட்டோம். இரண்டு பொட்டலம் கட்டுவார்கள். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்கிறார். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். பொட்டலத்தைப் பூசாரியே கட்டினார். கட்டிவிட்டு என்றைக்கும் எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்.

"என்ன நடந்துதோ, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அப்பங்கிட்ட வாய் திறந்து சொல்லிப்போடுங்க. மனசுக்குள்ள சொல்லப்படாது. சொல்லி முடிச்சுட்டுத்தான் கை வெக்கோணும்."

சொல்லிவிட்டு அவர் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கிட்னி கெட்டது, நங்கையா கொடுத்தது, ஊருக்குத் திரும்பி வந்தது. எல்லாம் தடையில்லாமல் வந்தது. "உனக்கு வேண்டின கிடாவ வெட்டினமப்பா" என்பது வரைக்கும் சொன்னேன். அதைத் தாண்டி ஆடி மாதத்துக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த முழித்த கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெரியாததா? அங்கேதானே, அந்த அடுப்புக் கல்லுக்கு எதிரில்தானே நடந்தது?

"சுவரொட்டிய வேகாமக் குடுத்துட்டேனப்பா. டாக்டரம்மா கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லி அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் கேட்டது கிடா. அதை அரைவேக்காடாக ஊட்டு என்று இவர் எப்போது கேட்டார்? என் அவசரத்தையும் என் அறியாமையையும் இவர் தலையில் கட்டிவிட்டு, இவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். இந்த உண்மையை இங்கே காட்டுக்குள் வந்து சொல்கிறேன். கேட்க வேண்டியவர் சேலத்தில் ஃபைலில் 'இல்லை' என்று எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கை தானாக ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டது. ஆனால் பிரிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"என்னங்க, பிரிச்சுப் பாக்கலீங்களா?" என்று பூசாரி கூப்பிட்டார்.

"அப்புறம் பாத்துக்கறனுங்க. பஸ்ஸு போயிரும்!" என்று சொல்லிப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

சேலம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டரம்மா சாப்பிட எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். என்றைக்கு, எதை, எப்படிச் சுட்டேன், உள்ளே எவ்வளவு சிவப்பாக இருந்தது, அன்றைக்கு ஏன் இல்லை என்றேன், எல்லாம். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல, வேகாத கறியில வர்ற கிருமிக்கான அடையாளம் இல்லைம்மா. நீங்களும் வேகாத கறி இல்லைன்னு சொன்னீங்க. ரெண்டையும் வெச்சுத்தான் அதைக் கடைசியில தள்ளி வெச்சிருந்தேன்" என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி அது. ஆட்டுக் கறிக்குள் ஒளிந்திருக்கும். நன்றாக வெந்தால் செத்துப் போகும். வேகாமல் உள்ளே போனாலும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, உடம்பே அதைப் பூட்டி வைத்துவிடும். காவல் குறைந்த உடம்பில் அது மூளை வரைக்கும் போய்விடும்.

"இதுதான்னு இன்னும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ரத்தம் இன்னைக்கே மறுபடியும் அனுப்பறேன். மருந்தையும் இன்னைக்கே ஆரம்பிக்கறேன். மண்டையில துளை போடறதைத் தள்ளி வைப்போம். பத்து நாள்ல திரும்ப ஸ்கேன். புள்ளி சுருங்கியிருந்தா இதுதான். சுருங்கலைன்னா சதை எடுத்துத்தான் ஆகணும்."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். 'இல்லை' என்று எழுதியிருந்ததை அடித்து, மேலே 'ஆம்' என்று எழுதினார்.

வார்டுக்குப் போய் நங்கையாவிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "சொல்லிப்போட்டயா?" என்று மட்டும் கேட்டார். அதோடு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் வாங்கி வந்த இட்லியையும் தொடவில்லை. சாமி பேரைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ரத்த முடிவு வந்தது. முன்பு இல்லாத அடையாளம் இப்போது இருக்கிறது, அதுவும் புதிதாக வந்தது என்று தெரிகிறது என்றார் டாக்டரம்மா. அப்போது நங்கையா, என் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டரு, அது என்ற கிட்னியோட வந்ததுங்களா?"

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்விம்மா. கிட்னியோட சேர்ந்தும் வரலாம்தான். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ரத்தத்தையும் பார்த்தோமே. உங்ககிட்ட அது இல்லவே இல்லை. உங்க கிட்னி சுத்தமானது. இப்பவும் நல்லாத்தான் வேலை செய்யுது."

நங்கையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஸ்கேனு எடுத்த நாள்ல இருந்து இதே நெனப்பு அம்மிணி. நான் குடுத்ததுதான் என்ற தம்பியக் கொல்லுதோன்னு. ஆருகிட்டச் சொல்லுவேன்?" என்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் என் தப்பை மறைத்தேன். அவர் தன் பயத்தை மறைத்தார். ஒரே கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

மருந்து ஆரம்பித்து ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் இடது கை விரல் அசைந்தது. எட்டாம் நாள் காலையில் நான் முகம் துடைத்துவிடும்போது அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம் புள்ள, கொட்டகையில தறிய ஆரு பாக்கறா?"

புள்ள என்று கூப்பிட்டார். நான் யார் என்று தெரிந்துவிட்டது. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். நங்கையாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா? "தறி கெடக்குதுடா. உன்ற மூளைக்குள்ள என்ன இருக்குதுன்னு ஆஸ்பத்திரியே தேடிப் பாத்துட்டு இருக்குது" என்றார்.

"எனக்கு மூளை இருக்குதுன்னு சொல்லிட்டாங்களா அக்கா? எங்கய்யன் இல்லைன்னுதான் எப்பவும் சொல்லுவாரு" என்றார் குழறிக் குழறி. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

பத்தாம் நாள் ஸ்கேன். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் இருந்த வளையம் புதுப் படத்தில் பாதிகூட இல்லை. ஒரு இடத்தில் இருந்த சின்னப் புள்ளி காணவே காணோம். "இனி மண்டையைத் தொட வேண்டாம்மா" என்றார். என் அப்பனே முனியப்பா என்று அந்த அறையிலேயே கும்பிட்டேன். டாக்டரம்மாவையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

ஒன்றரை மாதம் முழு மருந்து. அதற்குப் பிறகும் காவலுக்கு ஒரு மாத்திரை, இன்றைக்கும் ஓடுகிறது. ஒளிக்காமல் சொல்ல வேண்டும், இடது கை பழையபடி முழுதாக வரவில்லை. முன்பெல்லாம் அறுந்த நூலை முடிச்சுப் போட ஒரு நொடிதான் ஆகும், இப்போது நாலு தரம் தடுமாறுகிறார். முடிச்சை நான் போடுகிறேன். எந்தத் தறியில் அறுந்தது என்று சத்தத்தை வைத்து அவர் சொல்கிறார். அது போதும் எங்களுக்கு.

இந்த வைகாசியில் மறுபடியும் முனியப்பனுக்குக் கிடா வெட்டினோம். ஈரல், சுவரொட்டி, கறி எல்லாம் ஒரே அண்டாவில். நங்கையா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குக் காவல் நின்றார். சின்னவர்கள் பெரியவர்கள் யாரையும் கிட்ட விடவில்லை. "இன்னும் வேகோணும், தள்ளிப் போங்க" என்று சொல்லிச் சொல்லியே கறியைச் செருப்புத் தோல் மாதிரி ஆக்கிவிட்டார். படையல் போட்டோம். முனியப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கிருமியும் சாமிக்கு முன்னால் ஒளிய முடியாதுதான். ஆனாலும் நெருப்பையும் நமக்கு அந்தச் சாமிதானே கொடுத்திருக்கிறார்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், மருந்துதானே காப்பாற்றியது, இதில் சாமி எங்கே வந்தார் என்று. மருந்து அலமாரியில் இருந்தது. டாக்டரம்மா நாற்காலியில் இருந்தார். நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது என் வாய்தான். அதைத் திறக்க வைத்தது யார்? எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் கிட்னி வைத்தவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எந்தக் காரணத்தாலோ உடம்பில் காவல் குறைந்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக உங்கள் சாமியிடம் நெஞ்சு விட்டு அழுங்கள். என்ன தின்றார்கள், என்ன கொடுத்தீர்கள், எதை மறைத்தீர்கள், ஒன்று விடாமல் அங்கே சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். அதே சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமும் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மடியில் முடிந்து வந்த பொட்டலம் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது. உள்ளே பூ காய்ந்து தூளாகியிருக்கும். நங்கையா வரும்போதெல்லாம் அதை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார்.

"வெள்ளையா செவப்பான்னு ஒருவாட்டி பிரிச்சுப் பாத்துப்போடலாமா அம்மிணி?"

கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். "ரெண்டாவது தறியில நூலு அறுந்துபோச்சு புள்ள! அக்கா, அத வெச்சுட்டு நீங்களும் வாங்க!"

நங்கையா பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போவோம். அவர் சொன்ன தறியில், சொன்ன இடத்தில், நூல் அறுந்திருக்கும்.